கடைசி வரிசை

அண்ணா, நான் வேலூர் சத்துவாச்சாரிக்காரி. ஜெர்மனியில் டூசல்டார்ஃப் பக்கம் நர்ஸ் வேலைக்கு வந்து எட்டு மாதமாகிறது. ஞாயிறு தவறாமல் இங்குள்ள கத்தோலிக்கக் கோயிலுக்குப் பூசைக்குப் போகிறேன். இருபது பேர் இருப்பார்கள், எல்லாம் நரைத்த தலை. முடிந்ததும் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள், ஒருவர்கூட என் பெயரைக் கேட்டதில்லை. அன்பியம் (அக்கம்பக்கத்து வீடுகள் கூடி ஜெபிக்கிற குழு), நவநாள் ஜெபம், திருவிழாக் கொடியேற்றம் என்று வளர்ந்தவளுக்கு இங்கே கோயிலுக்குப் போய்வந்தால்தான் அழுகை வருகிறது. நிறுத்திவிடட்டுமா?

அன்புள்ள தங்கச்சி,

நிறுத்த வேண்டாம். அதற்கு முன்னால் நம் ஊர் லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்காக ஜார்கண்டிலிருந்தும் மிசோரமிலிருந்தும் வந்து லாட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நம் கோயிலுக்கும் வருகிறார்கள், கையில் ஊசி குத்திய இடத்தில் பிளாஸ்திரியோடு கடைசி வரிசையில் நிற்கிறார்கள், நானும் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன், ஒரு நாளும் போய் எந்த ஊர் என்று கேட்டதில்லை. இந்தி வராது என்று எனக்கு நானே ஒரு சாக்கு.

அவர்களில் ஒருவர், மகனுக்கு ஆபரேஷன் என்று வந்தவர், மூன்றாவது வாரமோ என்னவோ, பூசை முடிந்ததும் யாரும் சொல்லாமலே பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்தார். நான் இந்தப் பக்கத்திலிருந்து அடுக்கிக்கொண்டு போனேன். நடுவில் முட்டிக்கொண்டோம். பையன் எப்படி என்று சைகையில் கேட்டேன், தலையை ஆட்டிச் சிரித்தார். அடுத்த வாரம் பூக்கட்டும் ஆயா அந்தப் பிள்ளைக்கு இட்லி கட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அதனால் நீங்களும் ஏதாவது வேலை கேளுங்கள். முகவரி பதியும்போது மதம் என்ற இடத்தில் கத்தோலிக்கர் என்று எழுதியிருந்தால் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், திருச்சபை வரி பிடித்திருப்பார்கள். உங்கள் மாநிலத்தில் அது 9 சதவீதம் (சம்பளத்தில் இல்லை, வருமான வரியில், பயப்படாதீர்கள்). அப்படியானால் நீங்கள் விருந்தாளி இல்லை, அந்தப் பங்கு ஆள், அந்தக் கோயிலைச் சேர்ந்த சபையில் ஒருத்தி. பங்கு அலுவலகத்தில் போய், பாடகர் குழுவுக்கோ பீடத்தில் பூ வைக்கவோ ஆள் வேண்டுமா என்று கேட்கலாம். பாட்டு எண் பலகையில் இருக்கும், பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரியாத மாதிரி பக்கத்துப் பாட்டியிடம் புத்தகத்தை நீட்டுங்கள், தப்பில்லை. ஞாயிறு வாசகங்கள் பெரும்பாலும் இங்கே நாங்கள் கேட்கிறவைதான். சனிக்கிழமை ராத்திரி தமிழ் பைபிளில் படித்துவிட்டுப் போனால் பிரசங்கமும் பாதியாவது பிடிபடும்.

தமிழ் காதில் விழுந்தே ஆகவேண்டும் என்றால் ஆகஸ்டில் கேவலாருக்குப் போங்கள், உங்களுக்கு ரயிலில் போகிற தூரம்தான். 1642-இலிருந்து இருக்கிற மாதா திருத்தலம். வருடா வருடம் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூடுகிறார்கள், அதிகமும் ஈழத்துக்காரர்கள், இந்துக்களும் உண்டு. நம் சேத்துப்பட்டு லூர்து மாதா கோயில் ஞாபகம் வரும். அங்கே நாலு பேரிடம் விசாரித்தால் உங்கள் பக்கம் தமிழ்ப் பூசை எங்கே, என்றைக்கு என்றும் தெரிந்துவிடும். ஆனால் அது தேர்த்திருவிழா மாதிரி, மற்ற வாரமெல்லாம் அந்த இருபது நரைத்த தலைகள்தான் உங்கள் பங்கு.

அப்புறம், சத்துவாச்சாரியில் எந்தப் பக்கம் என்று எழுதவே இல்லையே?