கோல்ஃப் கேள்வி பதில்: பெபிள் பீச்சில் கடல் இடப்பக்கம்

கேள்வி: நண்பரும் நானும் கலிஃபோர்னியாவின் பெபிள் பீச் கோல்ஃப் மைதானத்தில் ஒருமுறையாவது ஆட ஆசைப்படுகிறோம். இடம் பிடிப்பது எப்படி? எந்த மாதம் நல்லது? (சான் ஹோசே வாசகர்)

பதில்: விடுதியில் குறைந்தது இரண்டு இரவு தங்குகிறவர்கள் ஒன்றரை வருடம் முன்பே நேரம் பதிவு செய்துகொள்ளலாம். வெளியாட்களுக்கு முந்தைய நாள் மிச்சமிருக்கும் நேரம்தான். நீங்கள் ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருப்பதால் இரண்டாவது வழியைத் துணிந்து முயலலாம். ஆனால் ஒருவருக்கு எளிதில் அகப்படும் இடம் இருவருக்கு அகப்படாது. கட்டணம் மட்டும் ஆளுக்கு 600 டாலருக்கு மேல்.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மூடுபனி. 'கோடைதானே' என்று அரைக்கை சட்டையோடு வருகிறவர்கள் நான்காவது ஹோலில் நடுங்குவார்கள். செப்டம்பர், அக்டோபரில் வானம் தெளிவாக இருக்கும். காலை நேரம் கேளுங்கள். அங்கே கிரீனில் (குழியைச் சுற்றிய வழவழப்பான புல்தரையில்) இருப்பது போவா அன்னுவா புல். பகல் ஏற ஏற அதன் செடிகள் ஆளுக்கொரு வேகத்தில் வளர்ந்து, கதிரும் தள்ளும். மாலையில் நாலடி தூரத்து பட் (தரையோடு உருட்டும் அடி) கூட குதித்துக்கொண்டு போவது அதனால்தான், உங்கள் கை நடுங்குவதால் அல்ல.

கோல்ஃப் வண்டி அதற்கான பாதையை விட்டு இறங்கக்கூடாது என்பதால் வண்டி எடுத்தாலும் பாதி தூரம் குறுக்கே நடக்கத்தான் வேண்டும். நடந்தே ஆடி, மிச்சமாகும் பணத்தைக் கேடிக்கு (பையைச் சுமந்து வழிசொல்லும் உதவியாளருக்கு) கொடுங்கள். கிரீன்கள் மிகச் சிறியவை, கடல் பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரியாது. அந்தச் சாய்வைச் சொல்ல ஆள் வேண்டும்.

கேள்வி: ஏழாவது ஹோல் நூறு கஜம்தான் என்கிறார்கள். அதற்கு ஏன் இத்தனை பயம்? (குன்னூர் வாசகர்)

பதில்: காற்றில்லாத நாளில் பயமே வேண்டாம். மிகப் பின்னால் உள்ள டீயிலிருந்தே (முதல் அடி அடிக்கும் இடம்) 110 கஜத்துக்குள், அதுவும் இறக்கம். ஆனால் சின்ன கிரீன், சுற்றிலும் பங்கர் (மணற்குழி), மூன்று பக்கமும் கடல்.

கணக்கு இதுதான். எதிர்க்காற்று மணிக்கு எத்தனை மைலோ, தூரத்தில் அத்தனை சதவீதம் கூட்டுங்கள். பின்காற்றுக்கு அதில் பாதியைக் கழியுங்கள். நூறு கஜம், 25 மைல் எதிர்க்காற்று என்றால் 125. இறக்கத்துக்குப் பத்து கஜம் கழித்தால் 115. இது தோராயக் கணக்குதான், ஆனால் கைகொடுக்கும்.

தப்பு நடப்பது அதற்குப் பிறகு. வெட்ஜை (குறைந்த தூரத்துக்கு உயரத் தூக்கி அடிக்கும் கிளப்) எடுத்து ஓங்கி அடிப்பார்கள். வேகம் கூடினால் பின்சுழலும் கூடும், பந்து காற்றில் செங்குத்தாக ஏறி, நின்று, முன்னாலுள்ள பங்கரில் செத்து விழும். அதைவிட ஒன்றிரண்டு படி அதிகத் தூரம் போகும் கிளப்பாக எடுங்கள். பிடியை ஓர் அங்குலம் கீழே இறக்கி, பந்தை அரைப் பந்து அகலம் வலது காலை நோக்கித் தள்ளி வைத்து, முக்கால் வீச்சு மட்டும் வீசுங்கள்.

நீங்கள் மலையில் ஆடிப் பழகியவர். கடல் மட்டத்தில் காற்றின் அடர்த்தி அதிகம், குளிர் வேறு. உங்கள் குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் 150 கஜம் போகும் கிளப் அங்கே 135, 140-ல் நின்றுவிடும். 'ஈரக்காற்று கனமானது, அதனால்தான் பந்து போகவில்லை' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஈரப்பதம் ஏறினால் காற்று லேசாகத்தான் ஆகும்.

கேள்வி: என் ஹேண்டிகேப் (திறனைக் காட்டும் எண், குறையக் குறையத் திறமை அதிகம்) 12, நண்பருக்கு 28. சேர்ந்து ஆடினால் சுவாரசியம் இருக்குமா?

பதில்: மேட்ச் பிளே ஆடுங்கள், அதாவது ஒவ்வொரு ஹோலிலும் யார் ஜெயித்தார் என்று எண்ணும் முறை. வித்தியாசம் 16. ஸ்கோர் அட்டையில் ஸ்ட்ரோக் இன்டெக்ஸ் (ஹோல்களின் கடின வரிசை எண்) 1 முதல் 16 வரை உள்ள ஹோல்களில் நண்பருக்குத் தலா ஓர் அடி (ஸ்ட்ரோக்) சலுகை. ஒரு ஹோலில் தோற்றது உறுதியானதும் பந்தைக் கையில் எடுத்துவிடலாம், பின்னால் வருகிறவர்களும் திட்டமாட்டார்கள்.

எட்டாவது ஹோலில் மட்டும் நண்பரை எச்சரியுங்கள். இரண்டாவது அடி, செங்குத்தான கடற்பிளவைத் தாண்டிப் போக வேண்டும். பிளவைச் சுற்றி இடப்பக்கம் தரை இருக்கிறது. தாண்டும் தூரம் கையில் இல்லாதவர் அங்கே அடித்து, மூன்றாவது அடியில் கிரீன் ஏறலாம். அவருக்குத்தான் ஓர் அடி சலுகை இருக்கிறதே!

கேள்வி: பதினெட்டாவது ஹோலில் பந்து கடலுக்குப் போனால் எங்கே டிராப் செய்வது (பந்தைக் கையிலிருந்து கீழே விடுவது)?

பதில்: 543 கஜ பார் 5 (ஐந்து அடியில் முடிக்க வேண்டிய ஹோல்). இடப்பக்கம் நெடுகக் கடல், வலப்பக்கம் எல்லைக்கு வெளியே. கடல் பக்கம் சிவப்புக் கம்பு எல்லை என்றால் ஓர் அடி தண்டனையோடு, பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு கிளப் நீளத்துக்குள், ஹோலுக்கு நெருங்காமல், முழங்கால் உயரத்தில் டிராப் செய்யலாம். 'கடைசியாகக் கடந்த இடம்' என்பதில்தான் சண்டை வரும். பந்து தண்ணீரில் விழுந்த இடத்துக்கு நேரே போய் நிற்பார்கள். டீயிலிருந்து கிளம்பிய பந்து கடலுக்கு மேலேயே பறந்து, தரைப்பக்கம் திரும்பாமலே விழுந்திருந்தால், கடந்த இடம் டீக்குப் பக்கத்தில்தான். அப்போது டீயிலிருந்தே மறுபடி அடிப்பது மேல்.

பந்து கடலில் விழுந்தது நிச்சயம் என்றால் தற்காலிகப் பந்து (முதல் பந்து கிடைக்காவிட்டால் ஆட, முன்கூட்டியே அடித்து வைப்பது) அடிக்க விதியில்லை. வலப்பக்கம் எல்லை தாண்டியதாகச் சந்தேகம் என்றால் அடிக்கலாம், அடிக்கும் முன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

கேள்வி: 600 டாலர் கட்டுப்படியாகாது. வேறு வழி?

பதில்: பக்கத்து ஊர் பசிபிக் குரோவ், நகராட்சி மைதானம். கடைசி ஒன்பது ஹோல்களை 1960-ல் வடிவமைத்தவர் ஜாக் நெவில். 1919-ல் டக்ளஸ் கிராண்டோடு சேர்ந்து பெபிள் பீச்சை அமைத்தவரும் அவரேதான். அதே காற்று, அதே கடல், கட்டணம் மிகக் குறைவு. ஐஸ் பிளான்ட் என்ற சதைப்பற்றுள்ள கொடியில் பந்து சிக்கினால் மட்டும் வீரம் காட்டாதீர்கள். கொடி கிளப்பின் கழுத்தைச் சுற்றி இழுத்து மணிக்கட்டைப் பதம் பார்த்துவிடும். ஓர் அடி தண்டனையோடு வெளியே எடுத்து ஆடுங்கள்.