பத்து வருஷம் வேற வேலை பாத்துட்டு இப்போ பி.ஆர் (மக்கள் தொடர்பு) படிக்கலாமா?

கேள்வி: வணக்கம் மேடம். வயசு 34, பத்து வருஷமா நர்ஸா இருக்கேன். எங்க ஆஸ்பத்திரியில ஒரு பெரிய பிரச்சனை வந்தப்போ பேஷண்ட் குடும்பங்களுக்கும் பத்திரிகைக்காரங்களுக்கும் பதில் சொல்ல ஆள் இல்லாம நிர்வாகம் திணறுனதைப் பாத்ததுலேர்ந்து மக்கள் தொடர்பு துறைக்குப் போகணும்னு ஆசை. படிச்சது பி.எஸ்ஸி நர்சிங். முதுகலையில பி.ஆர் எடுத்துப் படிச்சா பிரயோஜனம் இருக்குமா, இல்ல பணம்தான் வேஸ்ட்டா? கூட படிக்கிறவங்க எல்லாம் 22 வயசுப் பசங்களா இருப்பாங்களேன்னு தயக்கமாவும் இருக்கு.

பதில்: தாராளமா படிங்க. இந்தப் படிப்புக்கு பல யுனிவர்சிட்டியில எந்த டிகிரி இருந்தாலும் சேத்துக்குறாங்க, வேற துறையில இருந்து வர்றவங்களும் அதுல இருப்பாங்க. இந்தத் துறைக்கு அஸ்திவாரம் போட்டவங்களே அப்படி வந்தவங்கதான். ஐவி லீ முதல்ல நியூஸ்பேப்பர் ரிப்போர்ட்டர். எட்வர்ட் பெர்னேஸ் கார்னெல் யுனிவர்சிட்டியில படிச்சது விவசாயம், அப்புறம் மெடிக்கல் பத்திரிகையில எடிட்டரா இருந்தாரு, நாடகங்களுக்கு விளம்பரம் பாத்தாரு, அவருதான் 1923ல நியூயார்க் யுனிவர்சிட்டியில பி.ஆர் பாடமே நடத்துனாரு.

ஒண்ணு மட்டும் முதல்லயே சொல்லிடுறேன், நர்ஸ் வேலையை மூட்டை கட்டி வச்சிட்டு எல்லாத்தையும் முதல்லேர்ந்து ஆரம்பிக்கப் போறோம்னு நினைச்சுட்டு போகாதீங்க. அந்த பத்து வருஷம்தான் உங்க கையில இருக்குற மூலதனம். காலேஜ் முடிச்சு நேரா வர்ற பிள்ளைங்க வேகமா எழுதுவாங்க, வீடியோ எடிட் பண்ணுவாங்க, எல்லாம் சரி, ஆனா ஐ.சி.யூ வாசல்ல நிக்கிற ஒரு குடும்பத்துக்கிட்ட இப்போ எதைச் சொல்லணும், எதை இன்னும் சொல்லக் கூடாது, எந்தக் குரல்ல சொல்லணும்னு அவங்களுக்கு இதுவரைக்கும் யாரும் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

நீங்க அங்க என்ன சொல்லுவீங்கன்னு யோசிச்சுப் பாருங்க. "பிரஷர் திடீர்னு இறங்கிடுச்சு, டாக்டர் உள்ள பாத்துட்டு இருக்காங்க, ஸ்கேன் ரிசல்ட் வந்ததும் நானே வந்து சொல்றேன், இங்கேயே இருங்க." கிரைசிஸ் கம்யூனிகேஷன், அதாவது நெருக்கடி நேரத்துல மக்கள்கிட்ட எப்படிப் பேசணும்ங்கிற வகுப்புல ஹோல்டிங் ஸ்டேட்மென்ட்னு ஒண்ணு எழுதச் சொல்லுவாங்க, விபத்தோ கலப்படமோ டேட்டா திருட்டோ நடந்த உடனே, முழு விவரம் வர்றதுக்கு முன்னாடியே நிறுவனம் வெளியிடுற நாலஞ்சு வரி அது. உறுதியா தெரிஞ்சது என்ன, பாதிக்கப்பட்டவங்களுக்கு என்ன சொல்றோம், இப்போ என்ன செஞ்சிட்டு இருக்கோம், அடுத்து எப்போ பேசுவோம், அவ்வளவுதான் அதுல இருக்கணும், காரணத்தைப் பத்தி ஊகமா ஒரு வார்த்தை வரக் கூடாது. நீங்க வாயால சொல்றதுதான் அங்க எழுத்துல வருது.

1982ல சிகாகோ பக்கம் டைலனால்ங்கிற வலி மாத்திரை கேப்ஸ்யூல்ல யாரோ சயனைடு கலந்து 7 பேர் இறந்துபோனாங்க. ஜான்சன் அண்ட் ஜான்சன் கம்பெனி கிட்டத்தட்ட 3 கோடியே 10 லட்சம் பாட்டிலைத் திரும்ப எடுத்துச்சு, சாப்பிடாதீங்கன்னு மக்களுக்குச் சொல்லிச்சு, அப்புறம் யாராவது பிரிச்சிருந்தா பாத்ததும் தெரியுற மாதிரி பேக்கிங் மாத்திட்டு கடைக்கு வந்துச்சு. பி.ஆர் படிக்கிற இடத்துல இந்தக் கேஸ் எப்படியும் வரும். வரும்போது, அந்த மாத்திரையை நம்பி கை நீட்டுற பேஷண்ட் மனசுல என்ன ஓடும்னு நேர்ல பாத்தவங்க நீங்கதான், அதை வகுப்புல பேசுங்க, தயங்காதீங்க. வயசு தயக்கம் தானா போயிடும்.

சரி, அப்போ படிப்பு எதுக்கு? நீங்க பேசுறது ஒரு குடும்பத்துக்கிட்ட, இங்க ஊழியர்கள், பத்திரிகை, அரசு, வாடிக்கையாளர்னு ஆயிரம் பேருக்கிட்ட ஒரே நேரத்துல பேசணும், ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு கவலை. அதுக்கு ரிசர்ச் பண்ணத் தெரியணும், மீடியா சட்டம் தெரியணும், சுருக்கமா எழுதத் தெரியணும். ஜேம்ஸ் க்ரூனிக், டாட் ஹண்ட்னு ரெண்டு அமெரிக்கப் பேராசிரியர்கள் 1984ல பி.ஆரை நாலு மாடலா பிரிச்சாங்க, வெறும் விளம்பரக் கூச்சல்ல ஆரம்பிச்சு, மக்கள் சொல்றதைக் கேட்டு நிறுவனமும் தன்னை மாத்திக்கிற வரைக்கும் போகும். அந்த நாலாவது மாடல் எவ்வளவு கஷ்டம், பாஸ் ஒத்துக்காட்டி என்ன பண்றதுங்கிற விவாதத்தை வேலையில இருந்துட்டே கத்துக்க நேரம் கிடைக்காது, வகுப்புலதான் கிடைக்கும்.

சேர்றதுக்கு முன்னாடி சிலபஸை வாங்கி மெஷர்மென்ட், அதாவது பி.ஆர் வேலையோட பலனை அளக்குற பாடத்தைப் பாருங்க. பேப்பர்ல வந்த செய்தியோட இடத்தை அளந்து அதுக்கு விளம்பர ரேட் போட்டு இதுதான் பி.ஆரோட மதிப்புன்னு சொல்ற முறை செல்லாதுன்னு 2010லயே இந்தத் துறைக்காரங்க சேர்ந்து போட்ட பார்சிலோனா கொள்கைகள் சொல்லிடுச்சு, இன்னும் அதையே சரியான அளவுன்னு சொல்லித் தர்ற இடம்னா யோசிங்க. நிஜ கிளையண்டுக்கு வேலை செய்ற ப்ராஜெக்ட் இருக்கா, இன்டர்ன்ஷிப்பை அவங்களே ஏற்பாடு பண்றாங்களா இல்ல நீங்களே தேடிக்கணுமா, ஏஜென்சியில வேலை பாத்தவங்க யாராவது பாடம் எடுக்குறாங்களான்னு பழைய ஸ்டூடண்ட்ஸ்கிட்ட கேளுங்க, ப்ரோஷரை நம்பாதீங்க. வேலையை விடுறதுக்கு முன்னாடி பகுதி நேரமா படிக்க வழி இருக்கான்னும் பாத்துடுங்க. முதல் வேலையில சம்பளம் இப்போ வாங்குறதை விட கம்மியா இருக்க வாய்ப்பு இருக்கு, அதை வீட்ல இப்பவே பேசிடுறது நல்லது.

கேள்வி: நான் எட்டு வருஷமா பத்திரிகை நிருபர். எனக்கும் முதுகலை தேவையா? சர்ட்டிபிகேட் கோர்ஸ் பத்தாதா?

பதில்: உங்களுக்கு அனேகமா தேவைப்படாது. பிரேசில், நைஜீரியா மாதிரி சில நாடுகள்ல இந்தத் தொழிலுக்கு சட்டமே இருக்கு, ஆனா பெரும்பாலான இடங்கள்ல பி.ஆர் பண்ண லைசென்ஸ் எல்லாம் கிடையாது, வேலை தெரிஞ்சா போதும். செய்தி எதுன்னு உங்களுக்கு ஏற்கனவே தெரியும். தெரியாதது பட்ஜெட் போடுறது, கேம்பெய்ன் பிளான் பண்றது, கிளையண்டுக்கிட்ட "இது செய்தி இல்லை சார்"னு பக்குவமா சொல்றது. இதுக்கு ஒரு நல்ல டிப்ளமோவும் ஏஜென்சியில கொஞ்ச நாளும் போதும். பாடம் எடுக்கணும், ஆராய்ச்சி பண்ணணும்னு ஆசை இருந்தா மட்டும் முதுகலை பக்கம் போங்க.

கேள்வி: மின்வாரியத்துல இன்ஜினியரா இருந்துட்டு இப்போ பி.ஆர் முதுகலை படிக்கிறேன். ஆய்வுக்கு சோஷியல் மீடியா இன்ஃப்ளூயன்சர் பத்தி எடுக்கலாம்னு இருக்கேன், சரியா?

பதில்: வேண்டாங்க, அதை உங்க வகுப்புல நிறைய பேர் எடுப்பாங்க. கரண்ட் போனா மக்களுக்கு எப்போ, எந்த வழியா, எவ்வளவு விவரத்தோட தகவல் போகுது, "சீக்கிரம் வந்துடும்"னு சொல்றதுக்கும் "6 மணிக்குள்ள வந்துடும்"னு சொல்றதுக்கும் மக்கள் எப்படி வேற வேற மாதிரி எதிர்வினை காட்டுறாங்கன்னு எடுத்துப் பாருங்க. டிரான்ஸ்ஃபார்மர் பழுதுக்கு ஏன் நேரம் சொல்ல முடியலைங்கிறது உங்களுக்குத் தெரியும், உங்க கைடுக்குக் கூட தெரியாம இருக்கலாம். இன்டர்வ்யூவுக்குப் போறப்போ அதோட ரெண்டு பக்க சுருக்கத்தை பிரிண்ட் எடுத்து கையில வச்சுக்கோங்க.