காலை ரேடியோ ஷோல வர்ற கலகலப்பு நிஜமா, இல்ல எல்லாம் முன்னாடியே ரெக்கார்ட் பண்ணதா?

கேட்டவர் ரெண்டு விஷயம் கேட்டிருக்காரு. இதெல்லாம் லைவான்னு ஒண்ணு, விடியக்காலைல அத்தனை உற்சாகம் எங்கிருந்து வருதுன்னு இன்னொண்ணு. கொஞ்ச காலம் காலை ஷோக்கு ப்ரொட்யூசரா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருந்தவன்ங்கற முறைல சொல்றேன், முதல் கேள்விக்கு பதில் பாதிக்குப் பாதி. ரெண்டாவதுக்கு, ஆர்ஜே பேச்ச எங்க நிறுத்தறாருங்கறதுல தான் முக்கால்வாசி சமாச்சாரம் இருக்கு.

முதல்ல லைவ் மேட்டர முடிச்சிடுவோம். ட்ராஃபிக், வானிலை, நேரம், அன்னிக்கு எல்லாரும் பேசிட்டிருக்கற விஷயம் இதெல்லாம் இருக்கறதால காலை ஷோவோட ஆர்ஜே பெரும்பாலும் நிஜமாவே அந்த நேரத்துல ஸ்டூடியோல தான் இருப்பாரு. ஆனா நேயர்கள் போன் பண்ணி பேசறாங்களே, அது பல ஸ்டேஷன்ல லைவ் கிடையாது. பாட்டு ஓடிட்டிருக்கற நாலு நிமிஷத்துல கால் எடுத்து பேசி, "ஹலோ ஹலோ கேக்குதா"வெல்லாம் வெட்டி எறிஞ்சு, மூணு நிமிஷப் பேச்ச முப்பது நாப்பது செகண்டா ஆக்கி, பாட்டு முடிஞ்சதும் இப்பதான் போன் வந்த மாதிரி போட்டுருவாங்க. இத ஏமாத்து வேலைன்னு நான் நினைக்கல, முழுசா போட்டா நீங்களே ஸ்டேஷன மாத்திடுவீங்க. நேயர் விருப்பமும் அப்படித்தான், பல இடத்துல பாட்டு லிஸ்ட் முந்தின நாளே சாஃப்ட்வேர்ல ரெடி ஆயிடும், ஒரே பாடகர் பக்கத்து பக்கத்துல வரக்கூடாது, ரெண்டு சோகப் பாட்டு அடுத்தடுத்து வரக்கூடாது, நியூஸ் முடிஞ்ச உடனே எல்லாருக்கும் தெரிஞ்ச வேகமான பாட்டா இருக்கணும்னு அதுக்கு ஏகப்பட்ட ரூல் இருக்கு, அந்த லிஸ்ட்ல ஏற்கனவே இருக்கற பாட்ட யார் கேக்கறாங்கன்னு தேடிப் பிடிச்சு அவங்க கால ஏத்துவாங்க.

முழுக்க லைவா போறப்ப டிலேன்னு ஒண்ணு இருக்கு. ஸ்டூடியோல பேசறது சில செகண்ட் கழிச்சு தான் வெளிய போகும், ஏழு செகண்ட்னு வழக்கமா சொல்லுவாங்க. யாராவது கெட்ட வார்த்தை பேசிட்டா ஒரு பட்டன அமுக்கினா அந்தத் துண்டு மட்டும் காணாம போயிடும், அப்புறம் மெஷின் பேச்ச காதுக்கே தெரியாத அளவு இழுத்து இழுத்து அந்த இடைவெளிய திரும்ப சேத்துக்கும். போன்ல பேசறவங்க கிட்ட "ரேடியோவ கம்மி பண்ணுங்க"ன்னு கெஞ்சறதுக்கு இதுவும் ஒரு காரணம், தன் குரலே தாமதமா காதுல விழுந்தா எப்பேர்ப்பட்ட பேச்சாளருக்கும் நாக்கு குழறும்.

சரி, கலகலப்புக்கு வருவோம். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் க்ளாக்னு ஒண்ணு போட்டிருப்பாங்க, வட்டமா கடிகாரம் மாதிரியே, அதுல எந்த நிமிஷத்துல பாட்டு, எங்க விளம்பரம், எங்க நியூஸ், எங்க லிங்க் எல்லாம் குறிச்சிருக்கும். லிங்க்னா ரெண்டு பாட்டுக்கு நடுவுல ஆர்ஜே பேசற பகுதி. காலைல கேக்கறவங்க யாரும் ஷோவ முழுசா கேக்கறதில்ல, பல் தேய்க்கறப்ப கொஞ்சம், வண்டில கொஞ்சம்னு துண்டு துண்டா தான் கேப்பாங்க. ஏழே காலுக்கு கேட்டவரு ஏழே முக்காலுக்கு இருக்க மாட்டாரு. அதனால தான் கெஸ்ட் யாருன்னு ஒவ்வொரு பாட்டுக்கு அப்புறமும் திரும்பத் திரும்ப சொல்றது, வீட்ல உக்காந்து முழுசா கேக்கறவங்களுக்கு அது எரிச்சலா இருக்கும், ஆனா வேற வழியே இல்ல.

காலை ஷோங்கறது ஒண்ணும் புதுசும் இல்ல. அமெரிக்காவுல டபிள்யூஓஆர் ஸ்டேஷன்ல ஜான் கேம்ப்ளிங்னு ஒருத்தர் 1925ல காலை உடற்பயிற்சி நிகழ்ச்சியா ஆரம்பிச்சது, அவர், மகன், பேரன்னு மூணு தலைமுறை கைமாறி 2000 வரைக்கும் அங்க தொடர்ந்து ஓடியிருக்கு. இங்கிலாந்துல பிபிசி ரேடியோ 1 ஆரம்பிச்ச அன்னிக்கு, அதாவது 1967 செப்டம்பர் 30, முதல்ல போனதே டோனி பிளாக்பர்னோட காலை ஷோ தான். கேக்கறவங்களுக்கு காலைல அதே நேரத்துல அதே குரல் வேணும், மணி என்னன்னு குரல வச்சே தெரியணும்.

இப்ப அந்த லிங்க்குக்குள்ள என்ன நடக்குதுன்னு பாருங்க. பாட்டோட முன்னிசை பன்னெண்டு செகண்ட்னு வச்சுக்கங்க, ஸ்க்ரீன்ல பன்னெண்டு, பதினொண்ணு, பத்துன்னு இறங்கிட்டே வரும், பாடகர் வாய் திறக்கறதுக்குள்ள ஆர்ஜே தன் கடைசி வார்த்தைய வச்சாகணும். பேச்சு பாட்டு மேல ஏறிட்டா அசிங்கம், ரொம்ப முன்னாடி முடிச்சா சப்புன்னு இருக்கும். கரெக்டா விழுந்தா கேக்கறவனுக்கு காரணமே தெரியாம ஒரு குஷி வரும். நல்ல ஆர்ஜேங்க மைக்க ஆன் பண்றதுக்கு முன்னாடியே கடைசி வரி என்னன்னு முடிவு பண்ணிடுவாங்க, ஆரம்பம் கூட அப்பறம்தான். கடைசி வரி இல்லாம உள்ள போனவங்க தான் "ஸோ... அப்படியே... ஆமா"ன்னு இழுத்துட்டு இருப்பாங்க.

ரெண்டு பேர் நடத்தற ஷோன்னா ஒருத்தர் வம்பு பண்ணுவாரு, இன்னொருத்தர் நேரத்த பாத்துக்குவாரு. ரெண்டு பேரும் வம்பு பண்ணா கேக்கறவனுக்கு அது அடுத்த டேபிள்ல நடக்கற கும்மாளம், அவனுக்கு அதுல இடமே இருக்காது. எனக்குப் பிடிக்காத ஒரு விஷயம், ஜோக்க சொன்னவங்களே முதல்ல விழுந்து விழுந்து சிரிக்கறது. இன்னைக்கு பாதி ஷோல இதுதான் நடக்குது.

கெஸ்ட் விஷயம் தான் ரொம்ப சுவாரஸ்யம். முதல் விதி, நல்ல கேள்விய வெளிய காத்திருக்கற ரூம்ல வச்சு கேட்டுடக் கூடாது. கெஸ்ட் அந்தக் கதைய அங்க கை கால ஆட்டி பிரமாதமா சொல்லிடுவாரு, மைக்குக்கு முன்னாடி "அதான் அப்பவே சொன்னேனே"ங்கற முகத்தோட ரெண்டு வரில முடிச்சிடுவாரு, ரெண்டாவது தடவை சொல்ற கதைல உசிரு இருக்காது. அதனால ப்ரொட்யூசர் வேலை என்னன்னா வெளிய உக்கார வச்சு உப்புச்சப்பில்லாத விஷயமா பேசறது, வளையல கழட்ட சொல்றது, கைல இருக்கற பேப்பர வாங்கி வச்சுக்கறது, போன ஆஃப் பண்ண வைக்கறது. மைக்குல இருந்து ஒரு சாண் அளவு தள்ளி, நேரா ஊதாம கொஞ்சம் சாய்வா பேச சொல்லணும், இல்லன்னா "ப" வர்ற இடத்துலல்லாம் டப் டப்னு அடிக்கும்.

ஹெட்போன்ல தன் குரல முதல் தடவை கேக்கற கெஸ்ட் பல பேர் டக்குனு அடங்கிடுவாங்க. குரல் அங்க கனமா, நெருக்கமா கேக்கும், யாரோ மாதிரி இருக்கும். கழட்டிட்டு பேசுங்கன்னா சரியாயிடும், ஆனா அப்ப நேயர் போன்ல கேக்கற கேள்வி அவங்களுக்கு கேக்காது, ஏன்னா மைக் ஆன் ஆனதும் ஸ்டூடியோ ஸ்பீக்கர் தானா ஊமையாயிடும், இல்லன்னா கீச்சுனு ஊளையிடும். அதனால ஹெட்போனால ஒரு காத மட்டும் மூடிக்க சொல்றது எங்க பக்கத்து சமரசம்.

பாடகர் வந்தா "ஒரு பாட்டு பாடுங்களேன்"னு கேக்காத ஆர்ஜே இல்ல. தூங்கி எழுந்த குரல் திறக்க நேரம் ஆகும், அதுவும் காலை ஏழு மணிக்கு உச்ச ஸ்தாயில எடுக்க சொல்றது பாவம். விவரமானவங்க ரெண்டு வரி கேட்டு வாங்கிட்டு உடனே ஒரிஜினல் பாட்டுக்கு தாவிடுவாங்க, அவருக்கும் மரியாதை, ஷோக்கும் வேகம்.

பேச ஆரம்பிச்சா நிறுத்தாத கெஸ்ட்டும் உண்டு. அவங்கள முகத்துக்கு நேரா வெட்ட முடியாதில்ல? ஆர்ஜே அவர் பேர சொல்லிக்கிட்டே ஒரு சிரிப்போட உள்ள நுழைவாரு, பின்னணி இசைய கொஞ்சம் கொஞ்சமா ஏத்துவாரு, "இந்த இடத்துல நிக்கட்டும், அந்த போன் கால் என்னாச்சுங்கறது பாட்டுக்கு அப்புறம்"னு பாட்ட போட்டுடுவாரு. பத்து நிமிஷப் பேட்டி மூணு துண்டா போறது இப்படித்தான், ஒவ்வொரு துண்டும் பதில் வர்றதுக்கு ஒரு எட்டு முன்னாடி அறுபடணும். இந்த வெட்டு எங்கன்னு பெரும்பாலும் ப்ரொட்யூசர் தான் காதுல சொல்லுவாரு, டாக்பேக்ங்கற, ஆர்ஜே ஹெட்போனுக்கு மட்டும் போற லைன் வழியா, ரெண்டே வார்த்தைல. ஆர்ஜே ஒரு பக்கம் சிரிச்சு பேசிட்டு இன்னொரு பக்கம் இத கேட்டுக்கணும், அந்தத் திறமை வராம நல்ல குரல் இருந்தும் காலை ஷோல நிக்க முடியாம போனவங்க நிறைய.

கமெண்ட்ல ஒருத்தர் ரேடியோல போன் பண்ணி பதில் சொல்ற போட்டில ஜெயிக்கவே முடியலன்னு புலம்பியிருந்தாரு. ஆப்ல கேக்கறீங்கன்னா காரணம் அதுதாங்க, இன்டர்நெட் வழியா வர்றது எஃப்எம்ம விட பல செகண்ட் பின்னாடி ஓடும், சில சமயம் அரை நிமிஷம் கூட, கேள்வி உங்க காதுல விழறதுக்குள்ள லைன் நிரம்பிடும். சாதாரண ரேடியோல கேளுங்க. போன எடுக்கறவங்க கிட்ட உங்க கதைய ஒரே வரில சொல்லுங்க, சுத்தி வளைச்சீங்கன்னா "லைன்ல இருங்க"ன்னு சொல்லிட்டு அடுத்தவர எடுத்துடுவாங்க.