சர்க்கரையைச் சொன்னோம், மாத்திரையைச் சொல்லவில்லையாம்

கேள்வி: என் கணவருக்கு 54 வயது. 2021 ஜூனில் மருத்துவக் காப்பீடு எடுத்தபோது, ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருப்பதைச் சொல்லித்தான் எடுத்தார். படிவத்தை ஏஜென்ட்தான் ஆங்கிலத்தில் நிரப்பினார். பிரீமியம் ஒருமுறையும் தவறவில்லை. 2025 செப்டம்பரில் நெஞ்சுவலி வந்து இரண்டு ஸ்டென்ட் வைத்தோம்; செலவு 3,40,000 ரூபாய். கொழுப்பு மாத்திரை சாப்பிட்டதை மறைத்தோம் என்றும், டிஸ்சார்ஜ் சம்மரியில் ‘பத்து ஆண்டுகளாக நீரிழிவு’ என்றிருக்கிறது என்றும் கூறி கிளெய்மை நிராகரித்துவிட்டார்கள். என்ன செய்யலாம்?
— ஒரு வாசகி, கரூர்

பதில்: நிறுவனம் சொல்லும் இரண்டு காரணங்களில் முதலாவது வலுவற்றது, இரண்டாவதற்குத்தான் நீங்கள் ஆவணம் தேட வேண்டியிருக்கும்.

மாத்திரை விஷயத்துக்கு உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் அளித்த தீர்ப்பு ஒன்று உங்களுக்குக் கைகொடுக்கும். சர்க்கரை நோய் இருப்பதைத் தெரிவித்துப் பயணக் காப்பீடு எடுத்த ஒருவருக்கு, சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதும் மாரடைப்பு ஏற்பட்டு மூன்று ஸ்டென்ட் வைக்கப்பட்டன. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை சாப்பிட்டதைச் சொல்லவில்லை என்பதையும் ஒரு காரணமாக்கி நிறுவனம் பணம் தர மறுத்தது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா அமர்வு, சர்க்கரை நோயாளிகளுக்கு அம்மாத்திரை முன்னெச்சரிக்கையாகவும் தரப்படுவதைக் கருத்தில் கொண்டு, நோயை அறிந்தே பாலிசி வழங்கிய நிறுவனம் பின்னர் அதே நோயைக் காட்டி மறுக்க இயலாது என்றது. ஆனால் இதே நீதிமன்றம் 2009இல், நாள்பட்ட சர்க்கரை நோயையும் சிறுநீரகப் பாதிப்பையும் படிவத்தில் சொல்லாத ஒருவரின் குடும்பத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. எனவே முதல் வேலையாக, உங்கள் கணவர் கையெழுத்திட்ட படிவத்தின் நகலை நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள். ‘ஏஜென்ட் நிரப்பினார்’ என்பது மட்டும் கையெழுத்தின் பொறுப்பிலிருந்து விடுவிக்காது. என்றாலும், ஆங்கிலப் படிவத்தைத் தமிழில் விளக்கியதாக அதன் இறுதியில் இருக்க வேண்டிய உறுதிமொழி வெறுமையாக இருந்தால் அது உங்களுக்குச் சாதகமே.

அடுத்து, அந்தப் ‘பத்து ஆண்டுகள்’. இரவு இரண்டு மணிக்கு கேஷுவாலிட்டியில், “எத்தனை வருஷமா சுகர்?” என்று பணி மருத்துவர் கேட்க, உடன் வந்த மைத்துனரோ மருமகனோ, “பத்து வருஷம் இருக்கும் டாக்டர்” என்று சொல்லிவிடுகிறார், அந்த ஒரு வரி அப்படியே டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போகிறது. இதுபோன்ற கோப்புகளை நான் அடிக்கடி பார்க்கிறேன். உண்மையை மறைத்ததாக நிரூபிக்கும் சுமை நிறுவனத்தையே சாரும். எனினும் கேஸ் ஷீட்டின் நகலைப் பெற்று, விவரம் சொன்னவர் யார் என்று பாருங்கள். முதன்முதலில் சர்க்கரை கண்டறியப்பட்ட லேப் ரிப்போர்ட், பழைய மருந்துச் சீட்டுகள், வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரின் சான்றிதழ் ஆகியவற்றைத் திரட்டுங்கள். உண்மையிலேயே பத்து ஆண்டுகள்தான் என்றால், என்னிடம் சொல்லாவிட்டாலும் உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லிவிடுங்கள்.

காத்திருப்புக் காலம், அதாவது முன்பே இருந்த நோய்க்குப் பணம் கிடைக்காத தொடக்க காலம், பற்றிய கவலை வேண்டாம். அதன் உச்ச வரம்பு 48 மாதங்களாக இருந்து 2024இல் 36 ஆனது. எந்தக் கணக்கிலும் நீங்கள் தாண்டிவிட்டீர்கள். தொடர்ந்து 60 மாதங்கள் பிரீமியம் கட்டியிருந்தால், மோசடியை நிரூபித்தாலொழிய ‘மறைத்தீர்கள்’ என்ற பேச்சுக்கே இடமிருந்திருக்காது. சில மாதங்களில் அது தவறிப்போனது வருத்தமே.

முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் ஒப்புகையுடன் கடிதம் அனுப்புங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ மறுத்தாலோ, அதிலிருந்து ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் (காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர்) முறையிடலாம். கட்டணமில்லை, வழக்கறிஞர் ஆஜராகவும் முடியாது. என் தொழிலுக்கு நட்டமென்றாலும் உங்களுக்கு அந்த வழியையே பரிந்துரைக்கிறேன். அங்கு கிடைக்கும் உத்தரவை நீங்கள் ஏற்காவிட்டால் கரூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். ஆனால் அதற்குரிய இரண்டாண்டுக் கெடுவை நிராகரிப்புக் கடிதத்தின் தேதியிலிருந்தே எண்ணிக்கொள்வது பாதுகாப்பானது.