கரு இணைவில் பிறக்கும் சக்தி பிளாஸ்மா அலைக்கு எப்படிப் போகிறது?

உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் தம்பி ஒருவர் இதைக் கேட்டிருந்தார். பிளாஸ்மா என்றால், அணுக்கள் இலத்திரன்களாகவும் அயன்களாகவும் பிரிந்து நிற்கும் மிகச் சூடான வாயு. நல்லூர்த் தேர் வடத்தைப் பிடித்திருந்தால் பாதி விளங்கிவிடும். தேரைவிடச் சற்று வேகமாக நடப்பவரின் கையில் வடம் விறைக்கும். அவர் சக்தி தேருக்குப் போகும். பிந்துபவரை வடமே இழுத்துக்கொண்டு போகும்.

ஐதரசனின் பாரமான வகைகளான டியூட்டீரியமும் திரித்தியமும் இணைந்தால் 17.6 மில்லியன் இலத்திரன்வோல்ட் சக்தி வரும். 14.1 நியூத்திரனோடு போய்விடும். மிச்சம் 3.5 அல்பா துணிக்கைக்கு, அதாவது ஈலியக் கருவுக்கு. அது செக்கனுக்கு ஏறத்தாழ 13,000 கிலோமீற்றர் வேகத்தில் பிறந்து, இலத்திரன்களோடு மோதி மோதித் தளரும். வழியில் அல்வேன் அலையின் வேகத்தோடு அதன் வேகம் பொருந்தினால் வடம் பிடித்த மாதிரித்தான். அல்வேன் அலை என்றால், காந்தப்புலக் கோடுகள் வீணைத் தந்திபோல் அதிர்வது.

சரி, அலையைவிடத் தளர்ந்த அல்பாக்கள்தானே அதிகம், அவை அலையிடமிருந்து வாங்காதா? வாங்கும். இங்கே தேர் உவமை போதாது. அல்பாக்கள் பிளாஸ்மாவின் நடுவில்தான் நெருக்கமாக இருக்கும். அலை அவற்றை வெளியே தள்ளத் தள்ள, அவை சக்தியை இழக்கும், அலை வளரும். அளவு மீறினால் அல்பாக்கள் சூட்டோடு உலையின் சுவரில் போய் அடிக்கும்.

இதையே நன்மைக்குத் திருப்பலாம் என்று 1992இல் பௌதிகவியலாளர்கள் ஃபிஷ், ராக்ஸ் இருவரும் சொன்னார்கள்: பொருத்தமான அலையை நாமே செலுத்தி, அல்பாவின் சக்தியை இலத்திரனுக்கு விடாமல் எரிபொருள் அயன்களுக்கே கொடுப்பது. எனக்கு மிகப் பிடித்த யோசனை இது.