கடலில் கிடக்கும் மீன் ஏன் கரிப்பதில்லை? – கேள்வி பதில்

மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று பல ஊர்களிலிருந்து கேள்விகள் வந்திருக்கின்றன. ஓய்வு பெற்ற உயிரியல் வாத்தியாரிடம் எதையும் கேட்கலாம் என்று நினைத்து, ராமேஸ்வரத்தில் எந்த லாட்ஜ் நல்லது என்றுகூட ஒருவர் கேட்டிருக்கிறார். அதை மட்டும் விட்டுவிடுகிறேன்.

தொண்டி, மீனவர்: சார், தாகம் எடுத்தாலும் கடல்தண்ணியக் குடிக்காதேன்னு பெரியவங்க சொல்றாங்க. மீன் அதைத்தானே குடிச்சுக்கிட்டுக் கெடக்கு?

பெரியவர்கள் சொல்வது சரி தம்பி. ஒரு லிட்டர் கடல்தண்ணீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. அவ்வளவு உப்பான சிறுநீரை நம் சிறுநீரகத்தால் பிரிக்க முடியாது. உள்ளே போன உப்பைக் கழிக்க, குடித்ததைவிட அதிகத் தண்ணீரை உடம்பு இழக்க வேண்டிவரும். குடிக்கக் குடிக்கத் தாகம்தான் ஏறும்.

மீன் குடிப்பதும் உண்மைதான். ஆனால் அதன் ரத்தத்தில் உப்பு, கடலில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான். கருவாட்டுக்கு உப்பு வைத்தால் மீனிலிருந்து தண்ணீர் வடிகிறதே, அதே காரணத்தால் உயிருள்ள மீனிடமிருந்தும் செவுள் வழியாகத் தண்ணீர் கசிந்துகொண்டே இருக்கிறது. இழந்ததை ஈடுகட்டத்தான் குடிக்கிறது. கூடவே வரும் உப்பில் பெரும்பங்கைச் செவுளில் இருக்கும் தனி வகைச் செல்கள் வெளியே தள்ளுகின்றன. சும்மா நடக்கிற வேலை இல்லை இது, தின்ற இரையின் சக்தியில் ஒரு பங்கு இதற்கே செலவாகிறது. பிறந்ததிலிருந்து கடலிலேயே கிடந்த நகரை மீனுக்கும் குழம்பில் நாம்தான் உப்புப் போடுகிறோம், கவனித்தீர்களா?

அதே தம்பி: சுறாவும் இப்படித்தானா?

இல்லை, சுறாவுக்கும் திருக்கைக்கும் வேறு வழி. நாம் சிறுநீரில் கழிக்கும் யூரியாவை அவை ரத்தத்தில் தேக்கி வைத்துக்கொள்கின்றன. உப்பும் யூரியாவும் சேர்ந்து கடலின் அடர்த்திக்கு ஈடாகிவிடுவதால் தண்ணீர் வெளியே கசிவதில்லை. மிஞ்சும் உப்பைக் குடலின் கடைசியில் உள்ள ஒரு சுரப்பி கழிக்கிறது. சுறா செத்ததும் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கும். பழைய சுறாவில் மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். புட்டுக்கு வாங்கும்போது கண்ணைப் பார்ப்பதைவிட மோந்து பார்ப்பது மேல்.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: காரங்காட்டில் படகில் போனபோது சேற்றில் குச்சி குச்சியாக நட்டுக்கொண்டு நின்றதே, அது என்ன சார்?

அலையாத்தி மரத்தின் வேர்தான்மா அது, மூச்சுவேர். இலை மட்டும்தான் சுவாசிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். வேரும் ஆக்சிஜன் வாங்கி, இலை அனுப்பிய சர்க்கரையை எரித்தால்தான் உயிரோடு இருக்க முடியும். தோட்டத்து மண்ணில் காற்றுக்குப் பஞ்சமில்லை. காரங்காட்டுச் சேற்றைக் கொஞ்சம் கிளறினால் கறுப்பாக வரும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஆக்சிஜன் இல்லாத சேற்றில் வாழும் பாக்டீரியாக்கள் விடும் ஹைட்ரஜன் சல்பைடு அது. அங்கே மூச்சு முட்டும் என்பதால் வேர் மேலே கிளம்பி வருகிறது. ஒரு குச்சியைக் கிட்டத்தில் பாருங்கள், தோலெல்லாம் புள்ளி புள்ளியாக இருக்கும். காற்று உள்ளே போகும் துளைகள் அவை. மிதித்து ஒடித்துவிடாதீர்கள்.

அடுத்த தடவை போனால் இலையை நாக்கில் வைத்துப் பாருங்கள், கரிக்கும். வெயிலில் இலைமேல் பொடிப்பொடியாக உப்பு மின்னுவதும் தெரியும். பெரும்பாலான உப்பை வேரே தடுத்துவிடுகிறது. தப்பி ஏறியதை இலையில் உள்ள சுரப்பிகள் வெளியேற்றுகின்றன.

ஏர்வாடி: ஆமை முட்டையிடும்போது வலியில் அழுமாமே?

வலியெல்லாம் இல்லை. கண்ணோரச் சுரப்பி உப்பைக் கழிக்கிறது, அவ்வளவுதான். கடலுக்குள்ளும் அது நடந்துகொண்டுதான் இருக்கிறது, நம் கண்ணில் படுவது கரையேறும்போது மட்டும்.

பாம்பன் பக்கம், பாசி எடுக்கும் அக்கா: கடல்ல புல்லும் வளருது, பாசியும் வளருது. ரெண்டும் ஒரே சாதிதானா?

இல்லை அக்கா. கடற்புல்லுக்கு வேர், தண்டு, பூ, காய் எல்லாம் உண்டு. தண்ணீருக்கடியிலேயே பூக்கும், மகரந்தத்தைத் தண்ணீரே கொண்டுபோய்ச் சேர்க்கும். பாசிக்கு வேரே கிடையாது. கல்லைப் பற்றியிருக்கும் அடிப்பகுதி வெறும் பிடிமானம்தான், சத்தை உடம்பு முழுவதாலும் உறிஞ்சிக்கொள்ளும். மரிக்கொழுந்துப் பாசியில் அந்த அடியை விட்டுவிட்டு மேலே கிள்ளினால் மறுபடி தழைக்கும். உங்களுக்குத் தெரியாதது இல்லை. கல்லோடு சுரண்டி எடுக்கிறவர்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

திருப்புல்லாணி: சீமைக்கருவேலம் காத்துல இருக்க ஈரத்தை உறிஞ்சி மழையை விரட்டுதுன்னு வாட்ஸ்அப்பில் வந்தது.

வந்தது தலைகீழ். எந்த மரமும் வேரால் தண்ணீரை இழுத்து, இலைத்துளை வழியே ஆவியாக வெளியேதான் விடுகிறது. சீமைக்கருவேலமும் காற்றுக்கு ஈரம் கொடுக்கிறதே தவிரப் பிடுங்குவதில்லை. அதன் மேல் சொல்ல உண்மையான புகார்களே நிறைய இருக்கின்றன: வேர் ஆழமாக இறங்கும், கண்மாய்க்குள் காடாக மண்டும், மற்ற செடிகளைத் தலையெடுக்க விடாது. ஆடு மாடு காயைத் தின்று போகிற இடமெல்லாம் விதைத்துவிடும். எனக்கும் அந்த மரம் பிடிக்காது. அதற்காக இல்லாத பழியைப் போட வேண்டாம்.

கீழக்கரை: கடல் அட்டை பின்பக்கமா மூச்சு விடுமாமே, நெசமா?

நெசம்தான். ஆசனவாய் வழியே தண்ணீரை இழுத்து, உள்ளே மரம்போல் கிளைத்த உறுப்பில் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு திருப்பி விடும். சோதித்துப் பார்க்கிறேன் என்று பிடித்துவிடாதீர்கள், 2001 முதல் தடை.

வடகடல் (பாக் விரிகுடா) மீனவர்: ஆவுளியா (கடல்பசு) கடல்லயே பொறந்து வளருது. வலையில மாட்டுனா மூச்சு முட்டிச் செத்துப்போகுதே, எப்படி?

செவுள் கிடையாது அண்ணே. கடற்புல்லை மேய்ந்தாலும் அது குட்டி போட்டுப் பால் கொடுக்கிற சாதி, நம்மைப் போல நுரையீரல்தான். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை மேலே வந்தே ஆக வேண்டும். வலை அமுக்கிப் பிடித்துவிட்டால் முடிந்தது. குட்டியை ஒரு வருஷத்துக்கு மேல் சுமக்கும், பெரும்பாலும் ஒன்றுதான் ஈனும், அடுத்த குட்டிக்கு இன்னும் பல வருஷம். ஒன்று செத்தால் அந்த இடம் சட்டென்று நிரம்பாது. மாட்டியதைப் பார்த்தால் முதலில் மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள், வலையை அறுப்பது அதற்கப்புறம். வாலில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, தலை உள்ளே போய்விடும்.