மன்னார் வளைகுடாத் தீவுகள்: கேள்வி பதில்

ஆரப்பாளையம் வாசகர்: மண்டபம் பக்கம் ஆளில்லாத தீவுக் கடற்கரைகள் இருக்கின்றனவாமே. ஒரே நாளில் போய் வரலாமா?

பதில்: தாராளமாக. ஆனால் நினைத்த தீவில் இறங்க முடியாது. தூத்துக்குடி முதல் ராமேஸ்வரம் வரை உள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. (இரண்டு இப்போது தண்ணீருக்குள். சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டிய புண்ணியம்.) பாம்பன் குந்துகாலிலிருந்து வனத்துறைப் படகு குருசடைத் தீவுக்குப் போகும். மதுரை மாட்டுத்தாவணியில் விடியுமுன் ராமேஸ்வரம் பஸ் ஏறி, பாம்பனில் இறங்கி ஆட்டோ பிடியுங்கள். காற்று பலமென்றால் படகு எடுக்கமாட்டார்கள். முதல் நாளே விசாரியுங்கள். கரையில் கிடக்கும் பவளத் துண்டைப் பையில் போடாதீர்கள். செத்த பவளத்துக்கும் வனவிலங்குச் சட்டம் உண்டு.

திருமங்கலம் வாசகி: எந்த மாதம் நல்லது?

பதில்: வாடை (வடகிழக்குக் காற்று) ஓய்ந்தபின், பிப்ரவரி, மார்ச். ஜூனில் கச்சான் (தென்மேற்குக் காற்று) எழும்பினால் தீவுகள் இருக்கும் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்கும். அப்போது வடகடல், அதாவது பாக் நீரிணைப் பக்கம், அமைதி. அங்கே அரியமான் கடற்கரைக்குப் போய்க் குளியுங்கள்.

வில்லாபுரம் வாசகர்: தீவில் கூடாரம் போடலாமா?

பதில்: கூடாது.

மேலூர் வாசகர்: டிக்கெட் வாங்கினவனுக்குத் தீவு திறக்கிறது. கடற்பாசி எடுக்கும் பெண்களை மட்டும் விரட்டுகிறார்கள். என்ன நியாயம் இது?

பதில்: நியாயமில்லைதான். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி மூச்சடக்கி இறங்கி மரிக்கொழுந்துப் பாசி பறிப்பவர்கள் அவர்கள். பூங்கா அறிவிப்பு வருவதற்கு முன்பே அந்தத் தீவுகளில் பிழைத்தவர்கள். மாதத்தில் 12 நாள்தான் இறங்குவது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்ட ஊர்களும் உண்டு. தீவு யாருக்கு என்ற பேச்சுவார்த்தைக்கு அவர்களை அழைக்காமல் நம்மைப் படகில் ஏற்றுவது எனக்கும் உறுத்துகிறது.

கே.கே. நகர் வாசகர்: மேலூர்க்காரரே, பாசி பறித்தால் பவளம் உடையாதா?

பதில்: அவருக்குப் பதில் நானே சொல்கிறேன். கல்லோடு பெயர்த்தால் உடையும். அதைத் தெரிந்துதான் கையால் பறிக்கிறார்கள். விசைப்படகின் இழுவைமடி (இழுவை வலை) கடலடியைச் சுரண்டுவதையும், கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதையும் விட்டுவிட்டு இந்தப் பெண்களிடம் மட்டும் கணக்குக் கேட்பானேன்?

மேலூர் வாசகர்: அப்படியானால் நாங்களும் போகாமல் இருந்துவிடலாமே?

பதில்: இருக்கலாம். ஆனால் நான் அந்த முடிவுக்குப் போகவில்லை. பாசி எடுப்பவர்கள் வாழும் பாம்பன் சின்னப்பாலத்தில் யாரிடமாவது பேசிப் பாருங்கள், அப்புறம் முடிவு எடுங்கள்.

அனுப்பானடி வாசகர்: மீனவர் படகில் காசு கொடுத்து வேறு தீவுக்கு?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். பிடிபட்டால் நீங்கள் மதுரைக்கு வந்துவிடுவீர்கள், அவர் படகு போய்விடும்.

சிம்மக்கல் வாசகி: குருசடையில் கடை உண்டா?

பதில்: இல்லை. தண்ணீர் எவர்சில்வர் பாட்டிலில் கொண்டுபோங்கள். பவளத் துண்டு, மறுபடியும் சொல்கிறேன், வேண்டாம்.